மாமன் மடியில் உட்கார்ந்த சாட்சி

என் தாய்மாமனுக்குத் தெரிந்த வேலைகளில் ஒன்று, அடுத்தவர் செய்த குற்றத்துக்குத் தான் போய் நிற்பது. கரும்பு வெட்டுவார், கிணறு தூர் எடுப்பார், மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவார். இவை எதுவும் இல்லாத காலத்தில் கேசுக்குப் போவார். எங்கள் பக்கம் அதற்கு அப்படித்தான் பேர். வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை வந்து தரையைத் தொடுகிற இடத்தில் இருந்தது எங்கள் ஊர். மலையில் ஓடையோரம் சாராய ஊறல் போடுகிறவர்கள் வேறு ஆட்கள். அதற்கு முதல் போடுகிறவர் வேறு ஆள். பிடிபட்டால் கோர்ட்டில் கைகட்டி நிற்கிறவர் இன்னொரு ஆள். அந்த மூன்றாவது வேலை எங்கள் தெருவுக்கு வரும்.

முதலாளி வீட்டிலிருந்து யாராவது வந்து, "ஒரு ஆள் குடுக்கணும்" என்பார்கள். தெருவில் ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். குற்றத்தை ஒப்புக்கொள்வார், அபராதத்தை முதலாளி கட்டுவார், சில நாளில் ஆள் திரும்பிவிடுவார். உள்ளே இருக்கிற நாட்களுக்கு வீட்டுக்கு அரிசி வந்துவிடும். இதில் அவமானம் என்று எதுவும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. மாமா ஒருமுறை உள்ளே போனபோது முடிவெட்டக் கற்றுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தலை.

"நெழல்ல ஒக்காந்து சாப்புடற வேல. கத்தி புடிக்க வேணாம், முதுவு வலிக்காது" என்பார் மாமா. அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்காது. "உனுக்குன்னு ஒரு பொண்ணு குடுக்கறவன் கேப்பான்டா, மாப்ள இன்னா வேல பாக்கறார்னு. ஜெயிலுக்குப் போற வேலன்னு சொல்லட்டா?" என்பாள். மாமா சிரித்துக்கொண்டு என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எனக்குக் காது குத்தியது ரொம்பத் தாமதமாக. கிடா வாங்க வழியில்லாமல் தள்ளிக்கொண்டே போய், பள்ளிக்கூடத்தில் மூளிக் காதோடு உட்கார்ந்திருந்த பெண் நான் ஒருத்திதான். எங்கள் குலதெய்வம் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. முந்தின நாளே ஒரு சரக்கு வண்டியில் கிடா, பாத்திரம், தெரு ஜனம் எல்லாம் ஏறிப் போய்க் கோயில் வாசலில் படுத்துக்கொண்டோம். காலையில் மொட்டை போட்டு, சந்தனம் தடவி, மாமா மடியில் உட்கார வைத்தார்கள்.

எங்களில் தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. அப்பன் இல்லாமல்கூட நடத்திவிடலாம். மாமன் இல்லாவிட்டால் பத்தர் ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். மாமன் வெளியூரில் இருந்தால், அவர் வரும்வரை பிள்ளை மூளியாகவே திரிய வேண்டியதுதான்.

நான் போட்ட கூச்சலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோயிற்று என்று பிற்பாடு சொல்வார்கள். மாமா என் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் வாழைப்பழத்தை உரித்து வாயில் திணித்தார். கிடா இன்னும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அப்போது முதலாளி வீட்டு ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே போய் நின்றேன். மாமா தலையில் கட்டியிருந்த புதுத் துண்டைக்கூட அவிழ்க்காமல் வண்டியில் ஏறிப் போனார். நான் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

இந்தத் தடவை கேஸ் வழக்கம்போல இல்லை. அன்றைக்கு விடியற்காலையில் மலை மேல் ஊறலைப் பிடிக்கப் போன போலீஸ்காரர்கள் மீது யாரோ கல் எறிந்திருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரருக்குக் கை முறிந்துவிட்டது. எறிந்தவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். ஆள் கொடுக்கவேண்டிய முதலாளி, வழக்கம்போல ஆளைக் கொடுத்தார். அபராதம் கட்டினால் போய்விடும் என்று நினைத்து மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். பல வருஷம் உள்ளே தள்ளக்கூடிய கேஸ் என்பது அவரைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதலாளி வைத்த வக்கீல் ஒருமுறை எழுந்து நின்றார். அதன்பிறகு அவரைக் காணோம். அரிசியும் நின்றுபோயிற்று. ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. மறுபடி கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது ஜட்ஜ் ஐயா, "வக்கீல் இருக்காராப்பா?" என்று கேட்டிருக்கிறார். "வசதி இல்லீங்க" என்று மாமா சொல்லியிருக்கிறார். அப்படியானால் சர்க்கார் செலவிலேயே உனக்காகப் பேச ஒரு வக்கீல் போடுகிறேன் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார்.

இந்தச் செய்தி ஊருக்கு வந்ததும் டீக்கடையில் பெரிய சிரிப்பு.

"கேசு போட்டது கெவர்மெண்ட்டு. வக்கீலு குடுக்கறதும் கெவர்மெண்ட்டு. ரெண்டு பேருக்கும் சம்பளம் ஒரே எடத்துல. அந்த வக்கீலு யாருக்குப் பேசும்?" என்றார் ஒருவர்.

"ரேஷன் வக்கீலுப்பா. ரேஷன் அரிசி மாதிரிதான் இருக்கும். பாதி கல்லு" என்றார் இன்னொருவர்.

எங்கள் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "ரேஷன் அரிசியதான் எல்லாரும் துன்னுகினு கெடக்கறோம். உசுரோடதான இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஆனால் அந்த வக்கீலுக்குப் பேர் ஒட்டிக்கொண்டது. அவர் வந்து போனவரைக்கும் எங்கள் ஊரில் அவருக்கு ரேஷன் வக்கீல் என்றுதான் பேர்.

அவர் ஒரு பெண் என்பது அவர் வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. மட்கார்டு உடைந்த ஸ்கூட்டியில், மடியில் டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு பையை வைத்துக்கொண்டு, கோமுகி அணைப் பக்கத்திலிருந்து வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தார். கறுப்புக் கோட்டு இல்லை. நூல் சேலை கட்டியிருந்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மா ஒரு கோணியில் மரவள்ளிக் கிழங்கு எடுத்து ஸ்கூட்டியில் வைக்கப் போனாள். அவர் தடுத்துவிட்டார்.

"வேணாம்மா. இத வாங்கினா என் மேலயே கேசு வரும்."

"கெழங்குதாங்க. காசா குடுக்கறோம்?"

"கெழங்குக்கும் சேர்த்துத்தாம்மா எனக்கு சம்பளம் குடுக்கறாங்க."

அம்மாவுக்கு இது சங்கடமாகிவிட்டது. எதையும் வாங்கிக்கொள்ளாத ஆள் எதைச் செய்வார் என்று அவளுக்குச் சந்தேகம். அன்று ராத்திரி அப்பாவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா அதற்கு முன்பே ஜெயிலுக்குப் போய் மாமாவைப் பார்த்திருந்தார். மாமா தன்னுடைய வக்கீலிடமே குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். "நான்தாங்க கல்லு உட்டேன். எழுதிக்குங்க" என்று சொல்லி, கை முறிந்த போலீஸ்காரர் எப்படி விழுந்தார் என்று நடித்துக்கூடக் காட்டியிருக்கிறார். மாமாவுக்கு அது வாக்கு. முதலாளியிடம் ஆளாகப் போகிறேன் என்று ஒத்துக்கொண்டால் கடைசிவரை ஆளாகத்தான் நிற்க வேண்டும். நடுவில் மாற்றிப் பேசினால் அடுத்து யார் நம்பிக் கூப்பிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

"உங்க தம்பி ரொம்ப நல்லா பொய் சொல்றாரும்மா" என்றார் வக்கீலம்மா. "ஆனா ஊறல் பானை ஓடைக்கு எந்தப் பக்கம் இருந்துதுன்னு கேட்டேன். யோசிச்சிட்டு வலது பக்கம்னாரு. நான் போயி பாத்துட்டு வந்தேன். வலது பக்கம் நிக்கக்கூட எடமில்ல, செங்குத்தா பாறை. அந்த எடத்த அவரு கனவுலகூடப் பாத்ததில்ல."

மலைக்குப் போனீங்களா என்று அம்மா கேட்டாள். அவர் தன் காலை நீட்டிக் காட்டினார். செருப்பு வார் அறுந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அம்மா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் டீ போட்டாள். எங்கள் வீட்டில் வந்தவர்களுக்குக் கேட்காமல் டீ போட்டால், அவர்கள் வீட்டு ஆள் ஆகிவிட்டார்கள் என்று அர்த்தம். டீயை வக்கீலம்மா மறுக்கவில்லை.

மாமா அன்று விடியற்காலையில் எங்கே இருந்தார் என்பது தெரு முழுக்கத் தெரியும். தெருவே அந்தச் சரக்கு வண்டியில் வந்து கறி சாப்பிட்டிருக்கிறது. வக்கீலம்மா வீடு வீடாகப் போனார். நானும் வழிகாட்டியாகக் கூடவே போனேன்.

"காதுகுத்துக்குப் போனம்மா. இல்லன்னு சொல்லல. கொழம்புல உப்பு கம்மி, அது நல்லா ஞாபகம் இருக்குது. மாமன் யாருன்னு நான் பாக்கல."

"நான் எலை போட்டுக்கினு இருந்தேன். குனிஞ்ச தல நிமிரல."

"எனுக்குக் கண்ணு செரியாத் தெரியாதும்மா."

கடைசியாகச் சொன்னவர், பனை உச்சியில் எந்தக் குலை முற்றியிருக்கிறது என்று கீழே நின்றே சொல்லக்கூடியவர். எனக்குக் கோபமாக வந்தது. வக்கீலம்மாவுக்குக் கோபம் வரவில்லை. எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்தார். கோயில் பூசாரி மட்டும், அவர் ஊர் வேறு என்பதால், அன்றைக்கு அந்தக் கோயிலில் ஒரு காதுகுத்துத்தான் நடந்தது, அது இந்தக் குடும்பத்துக்குத்தான் நடந்தது என்று சொல்ல ஒப்புக்கொண்டார். மாமனின் முகம் அவருக்கு நினைவில்லை. அம்மா சாட்சி சொல்லலாம். ஆனால் கூடப்பிறந்தவனுக்காக அக்கா பொய் சொல்கிறாள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள் என்றார் வக்கீலம்மா.

"என்னை ஏன் யாரும் கேக்க மாட்டேங்கறீங்க?" என்றேன் நான். "என் காதுதான குத்தனாங்க?"

வக்கீலம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை என்னை அவர் ஒரு வழிகாட்டியாகத்தான் பார்த்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் குடிசை இருந்த மேடு அவர் நிலத்தோடு சேர்ந்தது. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.

"பையன் சீக்கிரம் வந்துடுவான். நான் பாத்துக்கறேன்" என்றார் அம்மாவிடம். "கோர்ட்டு கச்சேரின்னு பொம்பள, புள்ளைங்க அலைய வேணாம். அப்பறம் இந்த ஊர்ல ஒங்குளுக்கு இன்னா வேல இருக்குது, சொல்லு."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். நல்ல மனிதர், நமக்கு என்ன வேலை வேண்டும் என்று விசாரிக்கிறார் என்று நினைத்தேன்.

சாட்சி சொல்லப் போன நாளைப் பற்றி எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கள்ளக்குறிச்சி கோர்ட் எங்கள் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாக இருந்தது, அழுக்கும் அதே அளவு இருந்தது. மொட்டைக்குப் பிறகு வளர்ந்திருந்த முடியை அம்மா எண்ணெய் வழிய வாரி, காது தெரியும்படி இழுத்துக் கட்டியிருந்தாள். அப்பா வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மகள் கோர்ட்டில் பேசுகிற அன்றைக்கு அப்படி என்ன வேலை என்று எனக்கு மனக்குறை.

வெளியே மரத்தடியில் வக்கீலம்மா என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். இப்போது கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்துவிட்டது.

"தெரிஞ்சத சொல்லு. தெரியாதத தெரியாதுன்னு சொல்லு. யார் மூஞ்சியும் பாக்க வேணாம், ஜட்ஜ் ஐயா மூஞ்சிய பாரு. அவ்ளோதான்" என்றார். வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் மனப்பாடம் செய்து ஒப்பிக்கத் தயாராக வந்திருந்தேன்.

கூண்டின் கம்பிக்கு மேல் என் தலை எட்டவில்லை. டவாலி ஒருவர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். ஏறி நின்றதும் எதிர்ப் பக்கம் மாமா தெரிந்தார். இளைத்திருந்தார். தலை மட்டும் நேர்த்தியாக வெட்டியிருந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜட்ஜ் ஐயா முதலில் என் பேர், வகுப்பு எல்லாம் கேட்டார். பிறகு, "பொய் சொல்லலாமா?" என்றார்.

"கூடாதுங்க."

"சொன்னா என்ன ஆகும்?"

"எங்க வூட்ல அடிப்பாங்க. பள்ளிக்கூடத்துல முட்டி போடச் சொல்லுவாங்க."

"இங்க சொன்னா?"

"இங்க இன்னா பண்ணுவாங்கன்னு எனுக்குத் தெரியாதுங்க."

யாரோ சிரித்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொன்னார்கள், அதைத்தான் சொன்னேன். ஜட்ஜ் ஐயா தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். சின்னப் பிள்ளை என்பதால் சத்தியம் வாங்காமல் விட்டுவிட்டார்கள். அது எனக்கு இன்றுவரை குறைதான்.

வக்கீலம்மா கொஞ்சம்தான் கேட்டார். காது எங்கே குத்தினார்கள், எந்த நேரம், யார் மடியில். எல்லாம் சொன்னேன். மொட்டை போட்டது, ஏரியில் முகம் கழுவியது, மாமா வாழைப்பழம் ஊட்டியது. மாமாவைக் காட்டு என்றார். காட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது.

பிறகு போலீஸ் தரப்பில் கேஸ் நடத்தும் அரசு வக்கீல் எழுந்தார். வயசானவர். அன்பாகத்தான் பேசினார்.

"ஊசி குத்தறப்போ வலிச்சிதா பாப்பா?"

"ரொம்ப."

"அழுதியா?"

"ஆமா."

"கண்ண மூடிக்கினியா?"

"இறுக்கி மூடிக்கினேன்."

"கண்ண மூடிக்கினா யார் மடின்னு எப்பிடித் தெரியும்?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. இவ்வளவு படித்தவருக்கு இதுகூடவா தெரியாது, இல்லை என்னைச் சோதிக்கிறாரா என்று குழம்பினேன்.

"மாமன் மடி இல்லாம காது குத்த மாட்டாங்களே" என்றேன்.

"உனக்கு எத்தினி மாமா?"

"ஒருத்தருதான். எங்கம்மா கூடப் பொறந்தவரு ஒருத்தருதான். அவரு ஜெயில்ல இருக்கறதாலதான் என் தம்பிக்கு இன்னும் குத்தல. மூளியாவே இருக்கறான். நீங்க உட்டாக் குத்திருவோம்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் ஐயா பேனாவை வைத்துவிட்டு என் காதைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் கேஸைத் திருப்பியது என்று நான் இன்றும் நம்புகிறேன். மாமன் மடி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரையும் யாரோ ஒரு மாமன் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அரசு வக்கீல் அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஒன்று தோன்றியது.

"செரி, பந்தியில உன் மாமா ஒக்காந்து சாப்ட்டாரா?"

"இல்ல."

"மாமன் மொறை செஞ்சவரு எப்பிடி சாப்புடாமப் போவாரு? அப்போ அவரு அங்க இல்ல, அப்பிடித்தான?"

"இருந்தாரு. பந்தி போடறதுக்கு முன்னாடியே வண்டில ஏத்திக்கினு போய்ட்டாங்க. முதலாளி வூட்டு ஆளு வந்தாரு. கேசுக்கு ஒரு ஆளு குடுக்கணும், வான்னாரு. மாமா, ஒரு வா சோறு துன்னுட்டு வரேன்னாரு. வந்து துன்னலாம் வான்னாரு."

சொல்லிக்கொண்டே மாமாவைப் பார்த்தேன். அவர் தலையை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். ஆமாம், அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை என்று எனக்கு ஒத்து ஊதுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் இன்னும் உற்சாகமாக, "கறியே துன்னல. அவருக்குன்னு எடுத்து வெச்சது கெட்டுப்போச்சு" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"முதலாளின்னா யாரும்மா?" என்றார் ஜட்ஜ் ஐயா.

"அதோ, கடைசி பெஞ்சுல ஒக்காந்துகினு இருக்காரே. வெள்ளைச் சட்டை. பிஸ்கட் வாங்கிக் குடுத்தாரு."

கோர்ட்டில் இருந்த அத்தனை தலையும் திரும்பின. அவர் எழுந்து, தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, அவசரப்படாமல் வெளியே போனார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை ஸ்டூல் மேல் நின்று சொல்லிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன்.

தீர்ப்பு பிற்பாடுதான் வந்தது. மாமா விடுதலை. மலையில் கல் எறிந்தவர்கள் யார் என்று மறுபடி விசாரிக்கச் சொல்லி ஜட்ஜ் ஐயா எழுதியதாகச் சொன்னார்கள். ஒரு நயா பைசா வாங்காமல், செருப்பு அறுந்து, மலையேறி, பொய் சொன்ன தன் கட்சிக்காரனையே மடக்கி, பெரிய பெரிய ஆட்களுக்கு நடத்துகிற மாதிரி எங்கள் கேஸை நடத்தினார் எங்கள் ரேஷன் வக்கீல். அதன்பிறகு எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். சூளை, கரும்புத் தோட்டம், மில், இப்போது திருவிழாவுக்குத் திருவிழா வளையல் கடை. போகிற இடத்தில் யாராவது போலீஸ், கேஸ் என்று பயந்து உட்கார்ந்திருந்தால், நேராக ஜட்ஜ் முன்னால் நின்று வசதி இல்லை என்று சொல்லு, ஆள் போடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போவேன். பாதியில் நின்ற பள்ளிப் படிப்பில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அம்மாவுக்கு முன்பே தெரியும். வக்கீலம்மா அவளைத் தனியாக அழைத்து, "பாப்பா பேச ஆரம்பிச்சா அந்த ஆளு பேரும் வெளிய வரும். வராம நான் பாத்துக்க முடியாது. நீங்க வேணாம்னா நான் வேற வழி தேடறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஒருமுறை இல்லை, வேறு வேறு நாளில் பலமுறை கேட்டிருக்கிறார். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னாளாம். "எங் கூடப்பொறப்பு செய்யாததுக்கு உள்ள இருக்கறான். எம் பொண்ணு பாத்ததத்தான சொல்லப் போறா." மாமாதான் பல வருஷம் கழித்து, என் கல்யாணப் பேச்சு நடந்த ஒரு நாளில் இதைச் சொன்னார். அக்காவைப் போல ஓர் ஆள் எங்கள் வம்சத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். கோர்ட்டிலிருந்து வெளியே வந்ததும் வக்கீலம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியவர்களுக்குக் கை கொடுப்பதுபோல. அம்மா அவரைக் கும்பிட்டாள். பிறகு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். எங்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டிப் போனாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

மெட்ராஸ் பஸ் நிற்கிற பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் சாக்கு மூட்டைகள். தம்பி ஒரு மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்தான். எங்கள் சோத்துப் பானை ஒரு சாக்கின் வாயில் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

நான் அப்பாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூல் போட்டது, சத்தியம் வாங்காதது, கண் மூடிய கேள்வி, கடைசி பெஞ்சு. அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அம்மா மூட்டைகளைப் பிரித்து வேறு மாதிரி கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாம மெட்ராசுக்குப் போறமாப்பா? நான் ஜெயிச்சதுக்கா?"

"ஆமா" என்றார் அப்பா.

"கொழவி எதுக்கு? அம்மி எங்க?"

"வூட்லதான் இருக்குது. அது கனக்கும்ல."

அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் யாராவது தூக்கிக்கொண்டு வருவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் போகும்போது இந்தக் கனத்தை இத்தனை தூரம் மறுபடி சுமக்க வேண்டும். கோர்ட்டில் ஜட்ஜ் ஐயாவுக்கே பதில் சொன்ன என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பஸ் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஏறி, ஜன்னல் ஓரத்தைப் பிடித்து உட்கார்ந்துகொண்டேன்.